பின்னாடி வர்ற கால்

— நான் வேணும்னு பண்ணலை தினா. அது ஒண்ணை மட்டும் நம்பு. மத்தபடி இன்னா வேணா சொல்லிக்கோ.

— மொதல்ல உக்காருடா ஆல்பர்ட்டு. அந்த யூரியா மூட்டை மேல உக்காரு. இந்த மோட்டார் கொட்டாய்ல சேரு ஒண்ணு தான் கீது.

— நிக்கிறேன், பரவால்லை.

— மூஞ்சை அப்டி வச்சிக்காத. நாக்பூர் மாரத்தான்ல ரோட்டுல சுருண்டு விழுந்தது நானு. ஆசுபத்திரில மூத்திரம் காப்பித் தண்ணி மாதிரி போச்சு எனக்கு. கிட்னி போயிடும்னு பயந்துட்டானுங்க. நீ எதுக்குடா சாவு வூட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கிற?

— நீ எந்திரிச்சிட்ட. கல்யாணமும் பண்ணிக்கின. மறுபடி ஓடவும் ஓடற. எனக்கு அன்னிலேந்து ஒரு ரேஸ் கெடையாது தினா. தாமோதரன் சாரு என் போனை எடுக்கறதே இல்லை. எந்த ஊரு மாரத்தானா இருந்தாலும் முன்னாடி ஓட ஆளு புடிச்சி அனுப்புறது அவரு ஒருத்தரு தான். அவரு கை வுட்டா நான் எங்க போவேன்? ஒரகடத்துல கம்பெனி வேன் ஓட்டிக்கினு கீறேன் இப்போ. நீ தானே அவராண்ட சொன்ன, நான் உன்னை இஸ்துக்கினு போயி சாவடிச்சேன்னு.

— சாவடிச்சேன்னு சொல்லலை. சொன்ன ஸ்பீடுக்கு மேல போயிட்டான்னு சொன்னேன். போனியா இல்லியா?

— போனேன்.

— அப்பறம் இன்னா? சிம்பிள்.

— உனக்கு எல்லாமே சிம்பிள் தான். எங்க நைனா இன்னா பண்ணாரு? எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா ஐசக்கு ஐசக்குன்னு கூப்டு உங்க கயனிக்கு அந்த மனுசனைத் தான் தண்ணி கட்டச் சொன்னீங்க. இப்போ உங்கப்பா, வரப்பு மேல காலை வைக்காதன்னுட்டாரு. அந்த வயசுல சாலவாக்கத்துப் பக்கம் போயி, யாரு கூப்புடுவாங்கன்னு ரோட்டோரம் நிக்கிறாரு. ஓடுனது நானு, தண்டனை அவருக்கு.

— அப்பா கோவத்துல சொல்லிட்டாருடா. புள்ளைக்கு நெனவு இல்லைன்னு போன் வந்தா எந்த அப்பன் சும்மா இருப்பான்? போதாததுக்கு ஊருல நாலு பேரு வந்து ஓதி வுட்டிருக்கானுங்க. காலனிப் பையன் பிளான் பண்ணி கவுத்துட்டான்னு.

— நீ இல்லைன்னு சொன்னியா?

— எனக்கு வாய்ல குழாய் வச்சிருந்தாங்கடா.

— குழாயை எடுத்த அப்பால?

— தோ பாரு, சுதா வர்றா. இந்தப் பேச்சை விடு.

— ஏங்க, டீ. அத்தை குடுத்து அனுப்புனாங்க. டம்ளர் உங்களுக்காம். பேப்பர் கப்பு வந்திருக்கறவருக்காம்.

— இவன் தான் ஆல்பர்ட். எங்கூட ஓடறவன், ஸ்கூல்லேந்து ஒரே கிளாஸ். ஆல்பர்ட்டு, இவ தான் சுதா. வாலாஜாபாத்து ரைஸ் மில்லு வூட்டுப் பொண்ணு.

— வணக்கம்ங்க. அந்தக் கப்பை இப்டி குடுங்க.

— ரெண்டும் ஒரே டீ தான் அண்ணே. நீங்க டம்ளரை எடுத்துக்குங்க. கப்பு கையைச் சுடுது.

— வேணாங்க. கப்புன்னா உங்களுக்கு கழுவற வேலை இல்லை பாருங்க.

— சுதா, அவனைப் பேரைச் சொல்லியே கூப்புடு. அண்ணேன்னு எல்லாம் கூப்ட்டா அவனுக்கே கூச்சமா இருக்கும்.

— எனக்கு இல்லை. அதான் கேக்குறேன், நாக்பூர்ல கோடு போட்ட பனியன் போட்டுக்கிட்டு இவருக்கு முன்னாடி ஓடுனது நீங்க தானா? நிச்சயம் முடிஞ்ச சமயம் அது. எங்க மில்லுல வேலையை நிறுத்திட்டு எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்துட்டோம். எங்கம்மா உங்களைத் திட்டுன திட்டு இருக்கே. எந்தப் பையனோ மாப்பிள்ளையை முன்னாடி விடவே மாட்டேங்கிறான்னு. கடைசில பாத்தா நீங்களே ரோட்டோரம் ஒதுங்கிட்டீங்க. மொதல்ல போறவங்க யாராச்சும் பாதியில நிப்பாங்களா?

— அது தான் என் வேலையேங்க. நான் ஜெயிக்கறதுக்கு ஓடலை. இவரு ஜெயிக்கறதுக்கு முன்னாடி ஓடணும். ஒரு கிலோமீட்டருக்கு இவ்ளோ நேரம்னு சொல்லிடுவாங்க. அதுக்குக் கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. எதுர்காத்து அடிச்சா நான் வாங்கிக்கணும், இவரு என் முதுகுக்குப் பின்னாடி வரணும். தண்ணி பாட்டலைக் கூட நான் எடுத்துப் பின்னாடி நீட்டுவேன். முப்பது கிலோமீட்டர் வந்ததும் ஒதுங்கிடணும். மீதியை இவரு ஓடி ஜெயிச்சிக்குவாரு.

— மீதி எவ்ளோ?

— பன்னெண்டு, சொச்சம்.

— அதை உங்களால ஓட முடியாதா?

— இது வரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க.

— இன்னா கேக்கறது? முப்பதுலயே நின்னு நின்னு பளகிட்ட காலு சுதா அது. அதுக்கு மேல போச்சுன்னா படுத்துடும். முன்னாடி ஓடறது வேற, ஜெயிக்கறது வேற. எதுக்கு யாரு லாயக்குன்னு கோச்சுக்குத் தெரியும்.

— எங்கம்மாவும் உங்கள மாதிரி தாங்க கேட்டுச்சு. மொத வாட்டி டிவில என்னைப் பாத்துட்டு, எம்புள்ளை மொதல்ல போறான்னு தெருவையே கூட்டிடுச்சு. யாரோ ஓடிப் போயி சர்ச்சு மணியைக் கூட அடிச்சிட்டாங்க. அப்பால பாத்தா டிவில நான் காணோம். லாரிகீரி அடிச்சிப் போட்டுச்சோன்னு மாரடிச்சிக்கினு அயுதுச்சாம். நான் ஊருக்கு வந்து, இதான்மா வேலைன்னு சொன்னேன். "பாதியில நிக்கறதுக்கா எம்புள்ளைய பெத்தேன்"னு கேட்டுச்சு. இப்போ டிவியே போடறதில்லை.

— சிட்டம்மாளுக்கு அப்டி தான் எல்லாத்துக்கும் ஒரு ஒப்பாரி வைக்கணும். விடு.

— ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. நான் வர்ற வரைக்கும் இவரை நீ, வா, போன்னு பேசிக்கிட்டு இருந்தீங்க. வெளிய கேட்டுச்சு. நான் வந்ததும் நீங்க, வாங்கன்றீங்க.

— ஓடற எடத்துல ஒரு பேச்சு, இங்க ஒரு பேச்சுங்க.

— இது மோட்டார் கொட்டாய் தானே. வூடு கூட இல்லையே.

— வூட்டு ஆளு வந்துட்டீங்களே.

— சுதா, நீ ஊர்க்கதை பேசுனா சாயங்காலம் ஆயிடும். ஆல்பர்ட்டு, விசயத்துக்கு வா. மாசில டெல்லில செலக்‌ஷன் ரேஸ். அதுல வந்துட்டா இண்டியா டீம். இதை வுட்டா எனக்கு வயசு இல்லை. அப்பாவும் சொல்லிட்டாரு, இதான் கடைசி, அதுக்கப்பறம் மாமனாரு மில்லுல போயி உக்காருன்னு. நீ தான் முன்னாடி ஓடற. அதுக்குத் தான் வரச் சொன்னேன்.

— நானா?

— நீ தான்.

— ஏங்க, மாமா அவரைத் தான் உங்களைக் கவுத்தவருன்றாரு. நீங்களும் ஸ்பீடா இழுத்துட்டுப் போயிட்டாருன்னு சொன்னீங்க. அதான் கேக்குறேன், உசுரு போயி வந்திருக்கு. மறுபடி அவரையே எதுக்கு?

— தப்பு பண்றது மனுசன் தானே. ஒரு தப்புக்கு ஒருத்தன் பொழப்பைக் கெடுக்கலாமா? நம்ம ஊரு ஆளு, நம்ம கயனில வளந்தவன். நாம தூக்கி வுடலைன்னா யாரு தூக்கி வுடுவா?

— தாமோதரன் சாரு ஒத்துக்க மாட்டாருங்க. அவரு பாத்துட்டாரு, என் வாட்ச்சை வாங்கிப் பாத்துட்டாரு. கிலோமீட்டருக்கு மூணு நிமிசம் பத்து செகண்டுன்னு சொல்லி அனுப்புனாரு. பத்து கிலோமீட்டர் வரைக்கும் அப்டியே தான் போயிருக்கேன். அப்பால மூணு ஏழு, மூணு அஞ்சு, நடுவுல ஒண்ணு மூணு நிமிசம். "இன்னாடா இது, யாருக்கு ஓடுன நீ"ன்னு எல்லார் எதுர்லயும் கேட்டாரு.

— அவராண்ட நான் பேசறேன். தோ, இப்பவே பேசறேன். சும்மா இரு ரெண்டு பேரும்.

— தினா, கொஞ்சம் இருங்க. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு—

— ஷ். ரிங் போவுது... சார், வணக்கம் சார், தினகரன். நல்லா கீறேன் சார். பெங்களூர் கேம்ப்லேந்து போன வாரம் வந்தேன்... ஆமா சார், டெல்லி விசயமாத் தான். அந்த ஆல்பர்ட்... தெரியும் சார். தப்பு தான் சார், நான் இல்லைன்னே சொல்லலை. பையன் வந்து அயுவுறான் சார். என் காலாண்ட நிக்கிறான். நானே மன்னிச்சிட்டேன், நீங்களும் பாத்து... ஆமா சார். என் பொறுப்பு. இனிமே அந்த மாதிரி ஆவாது... இல்லை சார், வேற ஆளு வேணாம், அவனே போதும்... ரொம்ப தேங்க்ஸ் சார். வைக்கிறேன் சார்... முடிஞ்சிது. இன்னா, இப்போவாச்சும் உக்காருவியா?

— அவரு எங்கங்க அழுதாரு?

— பேச்சுக்கு சொல்றது சுதா. அப்டி சொன்னாத் தான் அந்தாளு எறங்கி வருவான். டெல்லில ஓடுறதுக்கு ஓகே சொல்லிட்டாரு. அதுக்கப்பறம் மத்த ரேஸும் தானா வரும். அப்பாவாண்டயும் பேசறேன், ஐசக்கை நாளைக்கே வரச் சொல்லு.

— மெய்யாலுமேவா?

— நான் சொன்னா அப்பா கேப்பாரு.

— இத நான் மறக்க மாட்டேன் தினா. நைனா சோறே சரியா துன்றதில்லை. ரொம்ப பேஜாராப் போச்சு வூட்டுல. நீங்க இந்த ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதுவே... ஆனா டெல்லில நான் ஓட முடியாது.

— இன்னா?

— உங்களுக்கு முன்னாடி நான் ஓடக் கூடாது. வேற யாருக்கு வேணாலும் ஓடறேன். உங்களுக்கு ஓடுனா மறுபடி சாவடிச்சிடுவேன்.

— பைத்தியமாடா உனக்கு? இவ்ளோ நேரம் எதுக்கு அந்தாளாண்ட நான் கெஞ்சுனேன்?

— கோச்சிக்காதீங்க. இதைச் சொல்லத் தான் வந்தேன், நீங்க போனைப் போட்டுட்டீங்க. நாக்பூர்ல இன்னா ஆச்சுன்னு எனக்கே ரொம்ப நாளு புரியலை. வேணும்னு போவலை. வாட்ச்சைப் பாக்கறேன், வேகமா போறது தெரியுது, கொறைக்கிறேன். கொறைச்ச ரெண்டாவது நிமிசம் காலு மறுபடி புடிச்சிக்குது. திரும்பக் கொறைக்கிறேன், திரும்பப் புடிக்குது. எதோ பேய் புடிச்ச காலு மாதிரி. ராஜஸ்தான்காரன் ஒருத்தனுக்கு ஓடியிருக்கேன், ரெண்டு கென்யாக்காரனுங்களுக்கு ஓடியிருக்கேன். ஒரு செகண்டு கூட தப்பினது கெடையாது. உங்களுக்கு ஓடுறப்ப மட்டும் தான் இப்டி.

— அதெல்லாம் மனப்பிரமைடா.

— இல்லைங்க. ஷாரோன் தான் கண்டுபுடிச்சா.

— ஷாரோன் யாரு அண்ணே?

— என் வூட்டுக்காரிங்க. தாம்பரத்துப் பொண்ணு, கயனி வரப்பெல்லாம் அவளுக்குப் புதுசு. பத்து நாளைக்கு முன்னாடி ஏரிப் பக்கம் வரப்பு மேல ரெண்டு பேரும் வந்துக்கினு கீறோம். நான் முன்னாடி, அவ பின்னாடி. திடீர்னு பாத்தா அவ எங்கயோ தூரத்துல நின்னுக்கினு, "இன்னாத்துக்கு இப்டி ஓடற?"ன்னு கத்துறா. நான் ஓடறதே எனக்குத் தெரியலைங்க. திரும்பிப் பாக்கறேன், அவளுக்குப் பின்னாடி உங்க மாமா வர்றாரு.

— திரும்பிப் பாக்கறதுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிச்சிட்டீங்களா?

— ஆமாங்க. செருப்பு சத்தம் காதுல விழுந்திருக்கும் போல. இவங்க வூட்டு ஆளுங்க ஒவ்வொருத்தர் காலும் எனக்குத் தெரியும். இவரு சோத்துக்கை பக்கத்துக் காலை லேசா தரையில தட்டி வைப்பாரு. ஆயிரம் பேரு ஓடுனாலும் அந்தக் காலைச் சொல்லிடுவேன்.

— அதுக்கு எதுக்கு ஓடணும்?

— சின்ன வயசுல நைனா சொல்லிக் குடுத்ததுங்க. தலையில நாத்து முடி வச்சிக்கினு வரப்பு மேல போவோம். வரப்பு ஒத்தையடி தான், ரெண்டு பக்கமும் நட்ட பயிரு. பின்னாடி இவங்க வூட்டுப் பெரியவரு வந்தா ஒதுங்கறதுக்கு எடம் கெடையாது, பயிருல காலை வைக்க முடியுமா? அதனால நைனா என்னை முதுகுல தள்ளிக்கினே வருவாரு. "பின்னாடி கால் சத்தம் கேட்டா வேகமா போயிடுடா. அவங்க வாய தொறந்து நவுருடான்னு சொல்ற வரைக்கும் வச்சிக்காத"ன்னு. அவரு தப்பா ஒண்ணும் சொல்லிக் குடுக்கலைங்க. திட்டு வாங்கக் கூடாதேன்னு சொன்னாரு. அது இந்தக் காலுக்குள்ள போயி உக்காந்துக்கினு கீது. நாக்பூர்ல எட்டு லாரி ஒண்ணா போற ரோடு அது. எனக்கு மட்டும் வரப்பா ஆயிடுச்சு.

— என்னங்க இது. கேக்கவே ஒரு மாதிரி இருக்கு. நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?

— இன்னா சொல்லச் சொல்ற?

— அவரு ஒண்ணும் சொல்ல வேணாங்க. அவரு மேல தப்பே இல்லை. அவரு பாட்டுக்கு நம்பிக்கையா என் பின்னாடி வந்தாரு. பின்னாடி வர்ற காலு கிட்ட வரத் தான் செய்யும். அதுக்கு நான் எதுக்கு பயப்படணும்? கூடப் படிச்சவரு, ஒரே ரூம்ல படுத்தவரு, ஒரே தட்டுல நாஷ்டா துன்னவரு. அவரு காலுக்குப் போயி பயந்துக்கினு ஓடுனேனே, அதை நெனச்சா எனக்கு என் மேலயே வெறுப்பா கீது. ஒரு உசுரையே எடுக்கப் பாத்தேன். கல்யாணப் பொண்ணு டிவி முன்னாடி உக்காந்துக்கினு கீது, எனக்கு அது கூடத் தெரியாது. நீங்களும் என்னை மன்னிச்சிடுங்கம்மா.

— என்னாண்ட எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்க அண்ணே. உக்காருங்க மொதல்ல. இந்தாங்க, இந்த டம்ளர் டீயைக் குடிங்க. அவரு தொடவே இல்லை.

— சுதா, வை அதை. ஆல்பர்ட்டு, நீ பேசறதெல்லாம் சரி. பயந்தியோ பயப்படலையோ, அது உன் பாடு. டெல்லிக்கு இன்னும் ரெண்டு மாசம் கூட இல்லை. நான் வேற யாரைத் தேடுவேன்?

— பெங்களூர்ல நெறைய பேரு கீறாங்க. முன்னாடி ஓடறதுக்குன்னே வந்த கென்யாக்காரனுங்க கேம்ப்ல தானே கீறானுங்க. தங்கமான பசங்க. பின்னாடி எவன் வந்தாலும் கண்டுக்க மாட்டானுங்க. வாட்ச்சைப் பாத்து, சொன்ன வேகத்துல கொண்டாந்து வுட்டுட்டுப் போயிடுவானுங்க. உங்களுக்கு அவனுங்க தான் நல்லது.

— அவனுங்களை வச்சி ஓடிப் பாக்காமயா உன்னைக் கூப்புடறேன்? மூணு வாரம் ஓடிப் பாத்துட்டேன். ஒண்ணும் வேலைக்கு ஆவலை.

— ஏங்க, அதான் கேக்குறேன். சொன்ன வேகத்துல ஓடறவங்க தானே உங்களுக்கு வேணும்?

— உனக்கு ரேஸைப் பத்தி இன்னா தெரியும்? சொன்ன வேகம்ன்றது தாமோதரன் சொல்றது. அதுல போனா மூணாவதா தான் வருவேன். நடுவுல எனக்கு ஸ்பீடு வேணும்னா யாரைக் கேக்கறது? அந்தக் கென்யாக்காரன் பின்னாடி ஒட்டிக்கினு போயி, காலை ஓங்கி ஓங்கித் தட்டிப் பாத்தேன். திரும்பிக் கூடப் பாக்க மாட்டேங்கிறான். நாக்பூர்ல எனக்குக் கணக்கு கொஞ்சம் தப்பிப் போச்சு, தட்டுனது ஜாஸ்தி ஆயிடுச்சு. டெல்லில பாத்துத் தட்டிக்கிறேன். நீ ஒருத்தன் தான்டா ஆல்பர்ட்டு, எட்டாவது படிச்ச நாள்லேந்து, வாயே தொறக்க வேணாம், பின்னாடி வந்து காலைத் தட்டுனா போதும், போயிடுவ.